ஊருக்கு ஒரு கணக்காளர்: பிளஸ் டூ முடித்த விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

'எங்கள் மகள் பிளஸ் டூ காமர்ஸ் குரூப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னை, அரை ஏக்கர் முருங்கை. வெளியூரில் ஹாஸ்டலில் தங்கவைத்துப் படிக்கவைக்க வசதி இல்லை. கணக்கு எழுதும் வேலைக்குப் பயிற்சி எடுத்தால் பிழைத்துக்கொள்வாளா? எங்கே, என்ன படிக்கவைக்க வேண்டும்?'

மயிலாடும்பாறை பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார். காண்டாமிருக வண்டுக்கும் குருத்தழுகலுக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்கும் வேளாண்மை அலுவலரிடம் ஏன் இந்தக் கேள்வி என்று சிலர் நினைக்கலாம். என்னைப் பொறுத்தவரை இதுவும் விவசாயக் கேள்விதான். வருசநாடு, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை பக்கம் தென்னையும் இலவமும் முருங்கையும் விளைவதில் குறையில்லை. விளைந்ததைச் சேர்த்து விற்பதற்கு விவசாயிகள் ஒன்றுகூடும் இடத்தில்தான் குறை. அங்கே கணக்கு எழுத ஆள் இல்லை.

எனவே வாசகரின் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

மஞ்சள் பைக்குள் ஒரு கம்பெனி

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பலவற்றின் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். முந்நூறுக்கு மேல் உறுப்பினர்கள். தேங்காயை எண்ணி வாங்கி, தரம் பிரித்து, லாரியில் ஏற்றி, நல்ல விலைக்கே விற்றார்கள். உரமும் வாங்கி விற்றார்கள். யாரும் பணத்தைத் தொட்டுச் சாப்பிடவில்லை. ஆனால் ரசீதெல்லாம் ஓர் இயக்குநர் வீட்டு மஞ்சள் பையில் கிடந்தது. பாதி ரசீதில் தேதி இல்லை. சில கொள்முதலுக்கு ரசீதே இல்லை. ஆடிட்டர் கேட்டபோது, "எல்லாம் நம்ம ஆளுகதான் சார், வாய்க்கணக்காவே போயிருச்சு" என்றார் தலைவர்.

வாய்க்கணக்கு ஊருக்குள் செல்லும். கம்பெனிச் சட்டத்தில் செல்லாது. உற்பத்தியாளர் நிறுவனம் என்பது சட்டப்படி ஒரு கம்பெனி. மார்ச் 31-ல் கணக்கை முடித்து, தணிக்கை செய்து, செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பேரவையைக் கூட்ட வேண்டும். பேரவை நடந்த 30 நாளுக்குள் நிதிநிலை அறிக்கையையும், 60 நாளுக்குள் ஆண்டு அறிக்கையையும் கம்பெனிப் பதிவாளரிடம் ஆன்லைனில் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவமும் 200 நாள் தள்ளிப்போனால் 40,000 ரூபாய். ஒரு லாரி தேங்காயில் நிற்கும் லாபத்தை இது விழுங்கிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்குத் தாக்கல் செய்யாவிட்டால், அந்த நிறுவனத்தின் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு அதிலோ வேறு கம்பெனியிலோ இயக்குநர் ஆகும் தகுதியை இழப்பார்கள். 2017-ல் இந்த விதியின் கீழ் நாடு முழுவதும் மூன்று லட்சம் பேர் அளவுக்குத் தகுதி இழந்தார்கள். உற்பத்தியாளர் நிறுவனத்தில் இயக்குநர்கள் யார்? நம்மைப் போன்ற விவசாயிகள். 'ஊர் நன்மைக்கு' என்று கையெழுத்துப் போட்டவர்கள்.

உர விற்பனையிலும் இதே கதைதான். ஆய்வுக்குப் போகும்போது நாங்கள் முதலில் கேட்பது இருப்புப் பதிவேடு. குடோனில் இருக்கும் மூட்டை, பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை, பாயின்ட் ஆஃப் சேல் கருவி காட்டும் இருப்பு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் உரிமத்துக்கே சிக்கல் வரும். மூட்டை திருட்டுப் போயிருக்காது. விற்ற அன்றே எழுதாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

கர்ணம் எழுதிய காலம்

ஊர்க் கணக்கு என்றதும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவுக்கு வருபவர் கர்ணம். கணக்குப்பிள்ளை என்றும் சொல்வார்கள். நிலம் யார் பெயரில், தீர்வை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அவர் எழுதிய எழுத்து. பெரும்பாலும் அப்பாவுக்குப் பிறகு மகன் என்று பரம்பரையாக வந்த பதவி. உழுகிறவன் கைநாட்டு வைப்பான். என்ன எழுதியிருக்கிறது என்று அவனால் படித்துப் பார்க்க முடியாது.

1980 நவம்பரில் தமிழக அரசு அந்தப் பழைய கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் அங்கேயும் அரசின் முடிவு நிலைத்தது. பிறகு வந்ததுதான் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் முறை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பேனா பரம்பரையிலிருந்து படிப்புக்கு மாறி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் நம் வீடுகளில் 'கணக்கு எழுதுவது நமக்குத் தெரியாத வேலை' என்ற தயக்கம் போகவில்லை. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்ற பழமொழியைச் சொல்லி, கணக்கே பார்க்காமல் விட்டுவிடுகிறோம். உழக்கு மிஞ்சவில்லை என்றால், எங்கே போனது என்று கண்டுபிடிக்கவாவது கணக்கு வேண்டாமா?

ஆடிட்டர் வேறு, கணக்காளர் வேறு

கணக்குப் படிப்பு என்றதும் எல்லோரும் நினைப்பது சி.ஏ. அது பல ஆண்டு உழைப்பைக் கேட்கும் படிப்பு. ஊர் மட்டத்தில் அன்றாடம் தேவைப்படுவது அதற்கு அடுத்த நிலை ஆள்.

மாட்டுக்கு அறுவை சிகிச்சை என்றால் கால்நடை மருத்துவர் வர வேண்டும். தினமும் தடுப்பூசி போட, சினை ஊசி போட கால்நடை ஆய்வாளர் போதும். அதுபோல, கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடுபவர் ஆடிட்டர். ரசீது போடுவது, குறிப்பேட்டில் பதிவது, பேரேட்டில் ஏற்றுவது, வங்கிப் பாஸ்புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது, இருப்பு எடுப்பது, ஜி.எஸ்.டி. விவரம் தயார் செய்வது ஆகியவை கணக்காளர் வேலை. இந்த வேலையைத்தான் வெளிநாடுகளில் 'அக்கவுண்டிங் டெக்னீசியன்' என்று தனித் தொழிலாகவே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் இவர்களுக்கான சங்கம் 1980-ல் தொடங்கியது. இலங்கையில் இதே வகைச் சங்கம் 1987-ல் வந்தது. அதன் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதால், அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் பள்ளி முடித்ததும் 'ஏ.ஏ.டி. படிக்கிறேன்' என்று சொல்வது சாதாரணம்.

இந்தியாவிலும் இதே பெயரில் படிப்பு உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

லாபம் இருக்கிறது, பெட்டியில் பணம் இல்லை!

இந்த வேலையில் அப்படி என்ன படிக்க இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணக் கணக்கு. விலையைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒரு நிறுவனம் உறுப்பினர்களிடம் 2,000 தேங்காயை 15 ரூபாய் வீதம் ரொக்கம் கொடுத்து வாங்குகிறது. செலவு 30,000. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி 2,000. வியாபாரிக்கு 18 ரூபாய் வீதம் 36,000-க்கு விற்கிறது. வியாபாரி 20,000 கொடுத்துவிட்டு, 'மீதி பதினைந்து நாளில்' என்கிறார்.

லாபம் எவ்வளவு? 36,000-ல் 32,000 போக 4,000. பெட்டியில் எவ்வளவு? போனது 32,000, வந்தது 20,000. ஆக 12,000 ரூபாய் குறைகிறது! அடுத்த வாரம் உறுப்பினர்கள் மறுபடியும் தேங்காயை இறக்கும்போது கொடுக்கப் பணம் இருக்காது. 'லாபம் வந்துச்சுன்னு சொன்னீங்களே, காசு எங்கே?' என்று சண்டை வரும். யாரோ எடுத்துவிட்டதாகப் பேச்சு கிளம்பும். ஒரு நல்ல சங்கம் இப்படித்தான் உடைகிறது. வியாபாரியிடம் பாக்கி 16,000 நிற்கிறது என்று பேரேட்டின் ஒரு பக்கம் காட்டிக்கொடுத்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் 'வரவு' என்றால் உள்ளே வரும் பணம். கணக்குப்பதிவியலில் ரொக்கம் வெளியே போகும்போதுதான் ரொக்கக் கணக்கில் 'வரவு' வைக்க வேண்டும். உள்ளே வந்தால் 'பற்று'. முதல் மாதத்தில் இது தலைகீழாகத் தெரியும். எந்த நடவடிக்கைக்கும் இரண்டு பக்கம் உண்டு, ஒரு கணக்கில் பற்று என்றால் இன்னொன்றில் அதே தொகை வரவு என்பது பிடிபட்டுவிட்டால் பயம் போய்விடும்.

வரி விஷயமும் இதில் அடக்கம். தேங்காயாக விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. அதையே உடைத்துக் காயவைத்துக் கொப்பரையாக விற்றால் 5 சதவிகிதம். சொந்த நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கொப்பரையும் உரமும் விற்கும் நிறுவனம், தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றாலும், ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு எடுத்தே ஆக வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதி விற்பனை விவரம், 20-ம் தேதி வரிக் கணக்கு. இந்தத் தேதிகளைத் தலையில் வைத்திருக்கும் ஆள்தான் நமக்கு வேண்டும்.

என்னென்ன வழிகள்?

*ஒன்று: இலவசக் குறுகிய காலப் பயிற்சி.* மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கம்ப்யூட்டர் கணக்குப் பயிற்சி பாடப்பட்டியலில் உண்டு. சுமார் ஒரு மாதம். 18 வயது நிரம்பிய கிராமப்புறப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். டேலி சாஃப்ட்வேரில் பதிவது, பில் போடுவது எல்லாம் பழகலாம். அடுத்த குழு எப்போது என்று கேட்டுப் பெயரைப் பதிந்து வையுங்கள். இது வாசல்தான். இதோடு நின்றுவிடக் கூடாது.

*இரண்டு: அரசுத் தொழில்நுட்பத் தேர்வு.* தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் டைப்ரைட்டிங் தேர்வு நடத்துவது எல்லோருக்கும் தெரியும். அதே இயக்ககம் 'கணக்கியல்' பாடத்துக்கும் இளநிலை, முதுநிலை என்று தேர்வு நடத்துகிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். செலவு குறைவு, அரசுச் சான்றிதழ்.

*மூன்று: கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி.* பிளஸ் டூ முடித்தவர்கள் கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் சேரலாம். சங்கக் கணக்கு, தணிக்கை, கூட்டுறவுச் சட்டம், நகை மதிப்பீடு எல்லாம் வரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்களில் வேலைக்கு எடுக்கும்போது கூட்டுறவுப் பயிற்சியைக் கேட்கிறார்கள். சில பதவிகளுக்குப் பட்டப்படிப்பும் வேண்டும். நாடு முழுவதும் இந்தச் சங்கங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்கும் திட்டம் 2022-ல் வந்தது. பேரேடு தெரிந்து கம்ப்யூட்டரும் தெரிந்த ஆளுக்கு இனி அங்கே மதிப்பு கூடும்.

*நான்கு: அக்கவுண்டிங் டெக்னீசியன் சான்றிதழ்.* நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தியக் காஸ்ட் அக்கவுண்டன்ட் நிறுவனம் 'கேட்' என்ற பெயரில் இதை நடத்துகிறது. எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வுக்கும் 'கேட்' என்றுதான் பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். பிளஸ் டூ தேர்ச்சி போதும். முதல் நிலையில் கணக்கியல், வணிகச் சட்டம், வரித் தாக்கல். அடுத்த நிலையில் செய்முறைத் திறன். இதில் ஒரு நன்மை உண்டு. முதல் நிலை தேறியவர்கள் பின்னாளில் காஸ்ட் அக்கவுண்டன்ட் படிக்க நினைத்தால், ஆரம்பத் தேர்வைத் தாண்டி நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். இந்த நிறுவனத்தின் கிளை மதுரையில் இருக்கிறது.

சி.ஏ. நிறுவனமும் 2023-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில், இன்டர்மீடியட் தேறி, இரண்டு ஆண்டு செய்முறைப் பயிற்சியும் உடன் கேட்கும் பாடங்களும் முடித்தவர்கள், இறுதித் தேர்வு எழுதாமலே 'பிசினஸ் அக்கவுண்டிங் அசோசியேட்' என்ற சான்றிதழோடு வெளியே வர வழி வைத்திருக்கிறது. பாதியில் நின்றால் எல்லாம் வீண் என்ற பழைய பயம் இனி அவ்வளவு வேண்டாம்.

*ஐந்து: பி.காம்.* ஆண்டிபட்டியிலும் வீரபாண்டியிலும் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைக்கு 'புதுமைப் பெண்' திட்டத்திலும், ஆண் பிள்ளைக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போன்ற படிப்புகளுக்குத்தான் இது. தனியார் டேலி சென்டரில் சேர்ந்தால் கிடைக்காது.

வாசகரின் மகளுக்கு நான் சொல்வது இதுதான்: பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.காம். சேரட்டும். கோடை விடுமுறையில் இலவச டேலி பயிற்சி. இரண்டாம் ஆண்டிலிருந்து அக்கவுண்டிங் டெக்னீசியன் முதல் நிலை. மூன்று ஆண்டு முடியும்போது கையில் பட்டம், சான்றிதழ், கம்ப்யூட்டர் பழக்கம் மூன்றும் இருக்கும். தினமும் பஸ்ஸில் போய்வர முடியாத ஊராக இருந்தால், ஓராண்டுக் கூட்டுறவுப் பட்டயத்தை முதலில் முடித்துவிட்டு, அஞ்சல் வழியில் பட்டம் படிக்கலாம். எந்த வழியாக இருந்தாலும் நிலத்தை விற்கவோ நகையை அடகு வைக்கவோ தேவையில்லாத படிப்பு இது.

சம்பளம் எவ்வளவு?

ஆசை காட்டி எழுத எனக்கு மனமில்லை. 2020-ல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மூன்றாண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி உண்டு. அதில் தலைமைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 வரை, கணக்காளருக்கு 10,000 வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கணக்காளருக்குக் கேட்கும் தகுதி, பிளஸ் டூ வரை கணிதமோ, வணிகவியலோ, கணக்குப்பதிவியலோ படித்திருக்க வேண்டும் என்பதுதான். உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை.

பத்தாயிரம் பெரிய தொகை இல்லை. ஆனால் வீட்டுச் சோறு, வாடகை இல்லை, தங்கச் செலவு இல்லை. திருப்பூரில் பதினைந்தாயிரம் வாங்கிப் பாதியை அறை வாடகைக்கும் ஹோட்டலுக்கும் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது, அந்த உதவி மூன்றாண்டோடு நின்றுவிடும். அதன்பின் நிறுவனமே சம்பாதித்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். எனவே ஒரே இடத்தை நம்பி இருக்கக் கூடாது. பால் உற்பத்தியாளர் சங்கம், மகளிர் குழுக் கூட்டமைப்பு, உரக்கடை, கயிறு மில் என்று நான்கைந்து இடத்துக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதினால் வருமானம் நிலைக்கும். இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பின் தேனி, போடி, கம்பம் பக்கம் ஏலக்காய் வியாபாரம், திராட்சை மண்டி, நூற்பு ஆலை, ஆடிட்டர் அலுவலகம் என்று கதவுகள் இருக்கின்றன.

இன்று நாடெங்கும் கணக்குக்குப் பயன்படும் டேலி சாஃப்ட்வேரே ஒரு சிறு வியாபாரியின் தேவையில் பிறந்ததுதான். ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிப்பாகமும் கொடுத்துவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுத ஏற்ற சாஃப்ட்வேர் கிடைக்காமல் மகன் பரத்திடம் சொல்ல, மகன் எழுதிக்கொடுத்தார். 1986-ல் பெங்களூரில் கம்பெனி தொடங்கினார்கள். மகனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை

கணக்கு எழுதும் பிள்ளைக்கு ஊருக்குள் மதிப்பும் வரும், பழியும் வரும். பணம் குறைந்தால் முதலில் கை நீட்டுவது கணக்காளரை நோக்கித்தான். அதனால் சேரும் முதல் நாளே இவற்றைச் சொல்லிவிடுங்கள்.

• ரொக்கத்தைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் இன்னொருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது. இது நிறுவனத்துக்கும் பாதுகாப்பு, பிள்ளைக்கும் பாதுகாப்பு.

• சங்கப் பணத்தை ஒருநாள்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. சொந்த வங்கிக் கணக்கிலோ சொந்த போனின் ஜிபே-யிலோ வாங்கவே கூடாது.

• ரசீது இல்லாமல் பதிவு இல்லை. தலைவரே சொன்னாலும், "ரசீது குடுங்க ஐயா, எழுதிடறேன்" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும்.

• பழைய தேதி போட்டு எழுதச் சொன்னால் எழுதக் கூடாது. தவறாகப் பதிந்துவிட்டால் அழிக்காமல், திருத்தப் பதிவு போட வேண்டும்.

• மாதக் கடைசியில் வங்கிக் கணக்கையும் ரொக்கத்தையும் ஒத்துப்பார்த்து, இரண்டு இயக்குநர்களிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. 'நூறு சதவிகிதம் வேலை உறுதி' என்று போர்டு வைத்துப் பெரிய தொகை கேட்கும் தனியார் சென்டர்களில் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். சான்றிதழ் கொடுப்பது யார், தேர்வு நடத்துவது யார், போன வருடம் படித்த இரண்டு பேர் எங்கே வேலை செய்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

*கேள்வி: என் மகன் பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப். கணக்காளர் வேலைக்குப் போகலாமா?*

தாராளமாக. கணிதம் படித்திருந்தால் உற்பத்தியாளர் நிறுவனத் திட்டத்தில் கேட்கும் தகுதியே இருக்கிறது. பற்று வரவு விதிகளை ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும். பள்ளியின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை வாங்கி, அதில் உள்ள கணக்குகளைப் போட்டுப் பழகட்டும். தமிழிலேயே இருக்கிறது.

*கேள்வி: மகன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். வழி உண்டா?*

ஐ.டி.ஐ.-யில் 'கோபா' என்ற ஓராண்டுக் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். அதை முடித்துவிட்டுக் கணக்குப் பயிற்சியும் எடுக்கலாம். ஆனாலும் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிடுவது நல்லது. மேலே சொன்ன பெரும்பாலான வழிகள் அங்கேதான் தொடங்குகின்றன.

*கேள்வி: மருமகளுக்கு 30 வயது. பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருக்கிறார். இனிமேல் பயிற்சி எடுக்க முடியுமா?*

முடியும். சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்கு இந்த வயது தடையில்லை. படித்த பாடம் மறந்திருந்தாலும் ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடும். முதலில் பக்கத்து மகளிர் குழுவின் கணக்கைக் கேட்டு வாங்கி எழுதிப் பார்க்கட்டும். குழந்தைகள் பள்ளி போயிருக்கும் நேரத்தில் பகுதிநேரமாகச் செய்யக்கூடிய வேலை இது.

*கேள்வி: கணக்கெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. பிள்ளைகள் படித்து முடிப்பதற்குள் இந்த வேலை இருக்குமா?*

கூட்டிக் கழிப்பதைக் கம்ப்யூட்டர் செய்யும். லாரியில் ஏறியது 2,000 காயா, 1,900 காயா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்த நூறு காய் எங்கே என்று கேட்கவும், ரசீது உண்மையா என்று பார்க்கவும், உறுப்பினருக்குப் புரியும்படி சொல்லவும் ஆள் வேண்டும். வெறும் டைப் அடிப்பவராக இருந்தால் வேலைக்கு ஆபத்து. கணக்கைப் புரிந்தவராக இருந்தால் கம்ப்யூட்டர் நம் கையாள்.

*கேள்வி: எங்கள் உற்பத்தியாளர் நிறுவனம் சிறியது. தனியாகக் கணக்காளர் வைக்கக் கட்டுப்படியாகவில்லை. பக்கத்து நிறுவனத்தோடு சேர்ந்து ஒருவரை வைக்கலாமா?*

வைக்கலாம். வாரத்தில் மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். புத்தகமும் வங்கிக் கணக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். தொகையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 'கைமாற்று' என்று கொடுக்கும் பழக்கம் மட்டும் கூடாது. சம்பளப் பங்கை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

*கேள்வி: படிப்பு தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை பிள்ளை என்ன செய்யலாம்?*

உங்கள் தோட்டத்தின் கணக்கையே எழுதச் சொல்லுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தென்னைக்கு ஒரு பக்கம், முருங்கைக்கு ஒரு பக்கம், மாட்டுக்கு ஒரு பக்கம். உரம், கூலி, தண்ணீர் மோட்டார் பழுது, வெட்டுக்கூலி எல்லாம் தேதியோடு ஏற வேண்டும். வீட்டு ஆள் செய்த வேலைக்கும் கூலி போட்டு எழுத வேண்டும். கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனின் தவணைத் தேதியை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைக்கட்டும். தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, ஒருநாள் தவறினாலும் வட்டி நம் தலையில். இரண்டு மாதத்தில், முருங்கை சம்பாதித்ததைத் தென்னை தின்கிறதா, தென்னை கொடுத்ததை மாடு தின்கிறதா என்று பிள்ளை உங்களுக்குச் சொல்லும். அடுத்த பட்டத்துக்கு எதில் செலவைக் குறைப்பது என்று அந்த நோட்டை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். சந்தேகம் வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.